துக்க வீட்டுக் காப்பி

காப்பித் தட்டு ஹிலாலைத் தாண்டிப் போவதை இன்சாஃப் வாசற்படியில் நின்று பார்த்தாள். அது சித்தப்பாவின் ஏற்பாடு. பழி தீர்க்கப்பட வேண்டியவனுக்குத் துக்க வீட்டில் காப்பி கிடையாது; கொடுத்தால் பகை முடிந்தது என்று அர்த்தம். எகிப்தின் தெற்கேயிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் பிழைக்க வந்து முப்பது வருஷமானால் என்ன, ஊர் வழக்கம் கூடவேதான் வரும்.

அவள் வாப்பா ஷஹாத்தா இந்தக் கட்டடத்தின் காவல்காரர்; குடியிருப்பு நிலவறையில். போன வருஷ வெள்ளத்துக்குப் பிறகு மீட்டர், ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றையும் முதல் மாடிக்கு ஏற்றியவன் எலக்ட்ரீஷியன் ஹிலால். கீழே தரையோரம் ஒரு பிளக் கூட வைக்க மாட்டேன் என்றவன், பத்து நாளைக்கு முன் அவள் கட்டிலடியில் ஹீட்டருக்கு மட்டும் எப்படி வைத்தான்? "ஹிலால் வந்து போட்டுட்டுப் போனான்மா, இனிமே குளிராது" என்று வாப்பாதான் சொன்னார். நேற்றுக் காலை மழைத்தண்ணீர் உள்ளே புகுந்தது. வாளியோடு அதில் இறங்கிய வாப்பா கரண்டு அடித்து அங்கேயே விழுந்துவிட்டார்.

"அவன்கிட்ட கேட்டீங்களா சித்தப்பா?"

"கேட்டேன். 'ஆமா, நான்தான் போட்டேன்'னு கல்லு மாதிரி சொல்றான். அஸர் தொழுகை முடியட்டும், அவனா நானான்னு பாத்துக்குறேன். நீ உள்ள போ."

பாவி! செய்வதையும் செய்துவிட்டுத் துக்கம் கேட்க வேறு வந்திருக்கிறான். ஆனாலும், செய்தவன் இத்தனை லேசாக ஒப்புக்கொள்வானா?

கீழே இறங்கினாள். கரண்டை நேற்றே ஹிலால் வந்து துண்டித்திருந்தான். கட்டிலடி ஒயரைப் பிடித்துக்கொண்டே சேற்றில் நடந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு ஒட்டு. ஹிலால் கறுப்பு டேப்தான் சுற்றுவான். இதில் சுற்றியிருந்தது பிளாஸ்திரி. வாப்பாவின் குதிகால் வெடிப்புக்கு அவள் வாங்கித் தந்தது. வழக்கம்போல் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தார். தொட்டதும் அந்த நுனி பிய்ந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

குளிருது, குளிருது என்று நச்சரித்தது அவள்தானே. நேற்று ஹிலாலும் இதைப் பார்த்திருப்பான்; பார்த்துவிட்டுத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

மேலே வந்தாள். பிறகு ஒரு காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த பந்தலுக்குள் நேராக நடந்தாள்.

"ஏ பிள்ள, எங்க போற?" சித்தப்பா எழுந்தார்.

அவள் ஹிலாலின் முன்னால் நின்றாள். "குடிங்க மாமா."

"வேணாம்மா... நான்தானே..."

"ஆறிடும். குடிங்க."

ஹிலால் இரண்டு கையாலும் வாங்கினான். அவள் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டைப் பார்த்தான். பார்க்காதவன் போல, சர்க்கரையில்லாத அந்தக் காப்பியை மண்டி வரை குடித்தான்.