பட்டியல் எழுதாமல் அணைந்த கோப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஒரு பத்திரிகையில் வீடியோ கோப்புகளைப் பற்றி எளிய கட்டுரை ஒன்று கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் தங்கைக்குத் தெரியும். கெட்டுப்போன கோப்புகளை மீட்டுத் தரும் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஃபோன் போட்டேன்.

“எம்பி4, ஏவிஐ, எம்கேவி எல்லாமே வெறும் பெட்டிதான்க்கா. உள்ளே துணியை எப்படி மடிச்சு வெச்சிருக்குங்கறதுதான் கோடெக். பெட்டி ஒண்ணாவே இருக்கும், மடிப்பு வேற வேறயா இருக்கும். பெட்டி திறந்தும் படம் வரலைன்னா, பிளேயருக்கு அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியலைன்னு அர்த்தம்.”

“பெட்டியே திறக்கலைன்னா?”

“போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க,” என்றாள்.

கட்டுரை அந்த இடத்தில் படுத்துவிட்டது.

2

முதல் வரைவின் முதல் வரி: ‘பாடகர் ஒருவரின் குரல் ஒரே நாளில்—’

தங்கையிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். “பாடகரா? அவர் நீச்சல் சொல்லிக் கொடுக்கறவர், அக்கா. கத்தறதுதான் வேலையே. குளத்துக்கு அந்தக் கரையில இருக்கறவங்களுக்கும் கேக்கணும்ல?”

இரண்டாவது வரைவு: ‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த—’ (மழையே இல்லையாம். நல்ல வெயில்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

நீச்சல் பயிற்சியாளருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள், அவருடைய மனைவி ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி அவர் முன்னால் வைத்தார். தங்கை சொன்ன அந்த அம்மா இவர்தான்; கண்ணாடிக் கடைக்காரர். பார்வை சோதித்து மூக்குக் கண்ணாடி போட்டுத் தருபவர். “எதையாவது பேசுங்க. அப்புறம் நான் கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார். நிறுத்துவதற்கு முன்பே ஃபோன் அணைந்துபோனது.

கோப்பு இருந்தது. திறக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மா தனியாகத் தங்கை வேலை பார்க்கும் கடைக்கு வந்தார். ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: “சார்ஜரைப் பிடுங்கினது நான்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டுப் போற சட்டையை இஸ்திரி போடணும். பக்கத்து ரூமுக்கு ஒயர் இழுக்க அந்த ரூம்ல ஒரே ஒரு பிளக்தான். அவர் ஃபோன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிட்டிருக்கார்.”

3

இங்கே கட்டுரையிலிருந்து ஒரு பத்தியைக் கடத்திவருகிறேன். இது இல்லாமல் கதை நகராது.

ஃபோன் பதிவு செய்யும்போது படத்தையும் சத்தத்தையும் சிறு சிறு துண்டுகளாக்கி, மாற்றி மாற்றிப் பெட்டிக்குள் அடுக்குகிறது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கடைசியில், நாம் நிறுத்தும்போதுதான் எழுதும். அதற்குள் உயிர் போனால் துண்டுகள் எல்லாம் இருக்கும், பட்டியல் இருக்காது. எது படம், எது சத்தம் என்று பிளேயருக்குத் தெரியாது. கைவிரித்துவிடும்.

(தங்கை இதைத் திருத்தினாள்: “எல்லா ஃபோனும் இப்படிச் சாகாதுக்கா. இது பழைய ஃபோன்.” திருத்திவிட்டேன்.)

மீட்க வழி உண்டு. அதே ஃபோனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று வேண்டும். அதைப் பார்த்து இந்த ஃபோன் எப்படி அடுக்கும் என்று புரிந்துகொண்டு, உடைந்த கோப்புக்குப் புதுப் பட்டியல் எழுதலாம். அந்த ஃபோனிலோ யார் யாரோ அனுப்பிய வீடியோக்கள்தான் இருந்தன.

“புதுசா ரெண்டு நிமிஷம் எடுத்தாப் போதும்மா. சாரைக் கூட்டிட்டு வாங்க, அன்னிக்கு எடுத்த மாதிரியே எடுத்துடலாம்,” என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாளாம்.

அந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. வேறொன்று கேட்டார். “சத்தம் அப்படியே வருமா?”

“அப்படியே எந்தக் கோடெக்கும் வெக்காதும்மா. காது கவனிக்காததை எல்லாம் தூக்கிப் போட்டுடும். அப்போதான் ஃபைல் சின்னதாகும்.”

“எதைத் தூக்கிப் போடலாம்னு யாரு முடிவு பண்றது? அவர் பேச்சுல எது வேணும், எது வேண்டாம்னு எனக்கே இன்னும் தெரியலையே!”

என் தங்கை கோடெக்குகளுக்காக இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

4

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். பயிற்சியாளரை நான் ஒடிசலாக எழுதிவைத்திருந்தேன், நோயாளி என்பதால். அடித்துவிட்டேன். கதவை அடைக்கும் தோள்கள். கழுத்தில் சின்ன துவாரம், அதன்மேல் ஒரு துணி. சட்டைப்பையில் குறிப்பேடு. அதில் எழுதிக் காட்டினார்: ‘இப்போ நான் என்ன பேசறது?’

“நீங்க பேச வேண்டாம் சார். யாராவது பேசினாப் போதும்.”

அவர் பேனாவை மனைவி பக்கம் நீட்டினார்.

“நானா? எனக்கு என்ன பேசத் தெரியும்?” என்றார் அந்த அம்மா.

பின்னறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஃபோனை நிறுத்தி, பதிவை ஓடவிட்டுத் தங்கை வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இரண்டு நிமிடம் என்று சொல்லியிருந்தாள். ஏழு நிமிடம் ஆனது. கதவு திறந்தபோது பயிற்சியாளரின் கண் சிவந்திருந்தது. அந்த அம்மா மும்முரமாகக் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அந்த ஏழு நிமிடத்தைத் தங்கை கேட்கவில்லை. “அடுக்கு தெரிஞ்சாப் போதும்க்கா. உள்ளே என்ன பேசியிருக்காங்கன்னு எனக்கு எதுக்கு?”

பிற்பகலுக்குள், ஐம்பத்திரண்டில் நாற்பத்தொரு நிமிடம் மீண்டது. படம் அங்கங்கே கட்டம் கட்டமாகச் சிதறியது. சத்தம் தெளிவாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா! இது ஓடுதா?”

கடையே அதிர்ந்தது. அந்த அம்மா திரையைப் பார்த்து, “ஓடுதுங்க,” என்றார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

பயிற்சியாளர் வேகமாக எழுதினார்: ‘நான் இவ்ளோ கத்தியா பேசுவேன்?’

“இருபத்தாறு வருஷமா அதைத்தானே சொல்றேன்!”

ஆழமாக ஒன்றும் பேசியிருக்கவில்லை. (நான் இரண்டு உருக்கமான வாக்கியங்கள் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.) சமையலறைக் குழாய் ஒழுகுவது, யார் யாருக்குக் குப்புற மிதக்கப் பயம், மகளுக்குக் கார் ஓட்டவே கொடுக்கக் கூடாது என்பது. முப்பத்திரண்டாவது நிமிடத்தில் திரையின் ஓரத்தில் ஒரு கை வந்து போனது. காலடிச் சத்தம் தேய்ந்தது. பிறகு பயிற்சியாளர் கேமராவைப் பார்த்து, அவரால் முடிந்த அளவு மெதுவாக, அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி, சொன்னார்:

“சார்ஜரைப் பிடுங்கிட்டுப் போறா. எட்டு பர்சன்ட்தான் இருக்கு. பரவாயில்ல. கசங்கின சட்டையோட போனா டாக்டர் நம்மள மதிக்க மாட்டாராம்.”

அந்த அம்மா மெல்லத் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமா?”

அவர் தலையாட்டினார்.

“அஞ்சு மாசமா?”

‘நீ ஏற்கெனவே பத்து விஷயத்துக்கு அழுதுட்டிருந்தே. இது பதினொண்ணா?’

அதைப் படித்துவிட்டு அந்த அம்மா அவர் கையிலேயே ஓர் அடி வைத்தார். பிறகு அந்தக் கையை விடவில்லை.

5

நியாயமாக இங்கே முடித்திருக்க வேண்டும். ஆனால் தங்கை சொன்னதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மீட்ட கோப்பை பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டிருக்கிறாள்: “காலையில எடுத்த ஃபைலை அழிச்சிடட்டுமா? அதோட வேலை முடிஞ்சுது.”

பயிற்சியாளரின் உள்ளங்கை மேசைமேல் அறைந்தது. இன்னொரு பென்டிரைவைக் காட்டினார். குறிப்பேட்டில் இரண்டே சொல்: ‘அது எனக்கு.’

“அதுல என்னங்க இருக்கு? வாய்க்கு வந்ததை உளறினேன்!” என்றார் அந்த அம்மா. முகம் சிவந்துவிட்டதாம்.

அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். தன் குரல் இருந்ததை மனைவியின் கைப்பையில் வைத்தார். இருவரும் வெயிலில் இறங்கிப் போனார்கள்.

அந்த ஏழு நிமிடத்தை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மன்னிப்பு. ஒன்றில் சண்டை. மற்றதில் கண்ணாடிக் கடையில் அன்று வந்த வாடிக்கையாளர்களைப் பற்றி வெறும் அரட்டை. தங்கை மூன்றையும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க பேசினதா எதையும் போடாதேக்கா,” என்றாள்.

போடவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியாகிவிட்டது. ஃபோனில் சிவப்புப் புள்ளி எரிகிறது. இத்தனை வருடம் உங்களைப் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தவர், எதிர் நாற்காலியில், வாய் மூடி, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ம், சொல்லுங்கள்.