இரண்டெழுத்துப் பெயர்

காயிங் லீயின் குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து: Ly. அவள் நிரலாளராக வேலை பார்க்கும் மாநில அரசின் இணையதளமோ, பெயரில் மூன்று எழுத்தாவது இருந்தால்தான் ஆளையே மதிக்கும். வான்கோழி இறைச்சி ஆலையை மூடிவிட்டதால், செயின்ட் பால் நகரில் லீ, லோ (Lo) என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாமல் தவித்தார்கள். சிலர் ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டுப் பார்த்தார்கள். போலிப் பெயர் என்று தளம் தள்ளிவிட்டது. இன்றோடு கெடு முடிகிறது.

அவள் முன்பு இருந்த தனியார் துணிக்கடைத் தளத்திலும் இதே கோளாறுதான். "இவங்க எத்தனை பேரு? வேற கடையில வாங்கிக்குவாங்க, விடு" என்றார்கள். அங்கே சம்பளமும் அதிகம். மனம் வைத்தால் மதியத்துக்குள் திருத்தம் ஏறிவிடும். இங்கே மனம் வைத்தால் போதாது, தளத்தில் எதை மாற்றவும் ஒப்புதல் தரும் குழு கூட வேண்டும். குழுவோ வசந்த காலத்தில்தான் கூடுமாம். எழுதி முடித்த திருத்தம் அவள் கணினியில் சும்மா கிடந்தது.

மேலாளர் வெர்லினிடம் போனாள். அவர் ஓய்வுபெற நான்கு மாதமே பாக்கி. நாற்காலியில் வேர் விட்ட மனுஷர் என்று அலுவலகமே அவரைக் கிண்டலடிக்கும்.

"வெர்லின், இவங்களுக்கு வேற கடை கிடையாது. நாமதான் ஒரே கடை."

"குழு கூடாம ஏத்தக் கூடாதும்மா. தளம் படுத்துக்கிட்டாத்தான் குழு இல்லாம அவசரத் திருத்தம் ஏத்தலாம்."

"அது எங்க படுக்குது? இத்தனை பேரைத் துரத்திட்டு ஜம்முனு ஓடுது!"

வெர்லின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். விசைப்பலகையை இழுத்து என்னவோ தட்டினார். தளம் ஓடுகிறதா என்று காட்டும் சுவர்த் திரை முழுக்கச் சிவந்தது.

"ஐயோ, என்ன பண்ணினீங்க?"

"படுத்துக்கிச்சு. உன் திருத்தத்தை ஏத்தி எழுப்பு."

"உங்க வேலை? பென்ஷன்?"

"யாரு நிறுத்தினதுன்னு கேப்பாங்க, நான்தான்னு சொல்வேன். இந்த ஆளு ஒண்ணுமே பண்ணலன்னுதானே எல்லாரும் பேசிக்கிறீங்க?"

அவள் திருத்தத்தை ஏற்றினாள். தளம் எழுவதற்குள் தொலைபேசி அலறியது. "ஆமா, நான்தான்" என்று தலைமையகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே, சோதித்துப் பார் என்று அவளுக்குச் சைகை காட்டினார்.

காயிங் தன் குடும்பப் பெயரைத் தட்டினாள். இரண்டே எழுத்து.

தளம் அடுத்து அவள் முகவரியைக் கேட்டது.