பூட்டுக்காரர் எடுத்த தீர்மானம்

குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் அரத்தால் சாவி ராவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"குட்டி, இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"வரேம்பா."

அந்தக் குரல் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. புத்தாண்டு பிறந்ததிலிருந்து இதே பிழைப்புதான். மகள் மாடிப்படி இறங்கினாலும் பின்னாலேயே போனார், அடுப்புப் பக்கம் போனாலும் போனார்.

எல்லாம் அவராகத் தேடிக்கொண்ட வினை. அவர்களுடைய பிரார்த்தனைக் கூடத்தில், ஆண்டின் முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, கடவுளுக்காக இந்த ஆண்டு எதை விடப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். மளிகைக்காரர் வருடா வருடம் கோபத்தை விடுவார். அது அவருக்கு முன்பே கடைக்குப் போய் உட்கார்ந்திருக்கும். பூட்டுக்காரருக்கோ இந்த முறை பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை.

"என் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா வலிப்பு வரல. இனிமே மாத்திரை வேண்டாம், கடவுள் பாத்துப்பார்" என்றார். கூடமே கைதட்டியது. பிரார்த்தனையை நடத்துகிற பெரியவர், "நம்பிக்கைன்னா இதுதான்" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சலவைக்கூடத்தில் வேலை செய்யும் மனைவிக்கு அன்று பணி இருந்ததால் அவள் வரவில்லை. தினமும் காலையில் ஒரே மாத்திரை; அதைக் கொடுப்பது எப்போதும் அவர் பொறுப்பு. "அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதம்மா" என்று மகளிடம் சொன்னபோதே மனசாட்சி உறுத்தியது. ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லாயிற்றே. பின்வாங்கினால் கடவுள் என்ன செய்வாரோ என்று ஒரு பயம். மாத்திரை இல்லாமல் மகளுக்கு என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் சோறு தண்ணி இறங்கவில்லை.

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது.

"குட்டி?"

பதில் இல்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஊரில் இருக்கிற கதவையெல்லாம் திறந்து கொடுக்கிற மனிதருக்குச் சொந்த வீட்டுக் கதவில் கை ஓடவில்லை. திருப்புளி வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் தோளால் மோதி உடைத்தார். மகள் ஈரத்தரையில் வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தாள். வாயோரம் நுரை.

வேலை முடிந்து அப்போதுதான் வந்த மனைவி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர் கரண்டியைத் தேடுவதைப் பார்த்து, "வாயில எதையும் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றபடி மகளின் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

மருத்துவமனையில் மகள் கண் விழித்த பிறகு டாக்டர் கேட்டார்: "மாத்திரை எதுவும் விட்டுப்போச்சாம்மா?"

"ஒருநாள்கூட விடலைங்க. இவர்தான் கையில எடுத்துக் குடுப்பார்" என்றாள் மனைவி, அடித்துச் சொல்கிற குரலில்.

பூட்டுக்காரர் குனிந்தபடி, "நான்தான் நிறுத்திட்டேன். புத்தாண்டு அன்னைக்குக் கூடத்துல, கடவுளுக்காக விடுறேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

மனைவி அவரைத் திட்டவில்லை. மகளின் போர்வையை இழுத்து மூடினாள். "கடவுளுக்காக எதையாவது விடணும்னா உங்களோடத விடுங்க. அவ உசுரப் பணயம் வைக்க நீங்க யாரு?" என்றாள். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த பிரார்த்தனை நாளில் அவர் எழுந்து நின்றார். "நான் எடுத்த தீர்மானம் தப்பு. என் பொண்ணு சாகப் பாத்தா. மறுபடி மாத்திரை குடுக்குறேன்."

யாரும் கைதட்டவில்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் ஒரு பஸ் டிரைவர் மெல்ல எழுந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டுத்தான் நானும் பிரஷர் மாத்திரைய நிறுத்துனேன். ரெண்டு நாளா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இன்னைக்குக்கூட பஸ் ஓட்டிட்டுத்தான் வந்தேன்."

அந்த பஸ்ஸில் ஏறி உட்காருகிற அத்தனை பேரும் பூட்டுக்காரரின் கண்முன் வந்து போனார்கள். வரிசைகளைத் தாண்டிப் போய் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி, இப்பவே டாக்டரப் பாக்கலாம். பஸ்ஸ இன்னைக்குத் தொடாதீங்க." பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்குங்க எல்லாரும். மருந்தும் கடவுள் கை காட்டுன வழிதான். அத நிறுத்திட்டு அவரச் சோதிச்சுப் பாக்காதீங்க. நான் பாத்தேன். என் பிள்ளைதான் கீழ விழுந்தா."