ஒட்டகம் சுமந்த ஆமை

"அப்பா, ஒட்டகம் வந்துட்டா ஆமை எங்கப்பா போகும்?"

வாயெல்லாம் பற்பசை நுரையோடு மகள் ஒரு நாள் காலையில் கேட்டாள். நெட்டைக்குச் சிரிப்புதான் வந்தது. அவன் உயரத்துக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது.

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும்டா செல்லம். நீ முதல்ல துப்பு."

அவன் வேலை பார்த்த சின்ன நிறுவனம் தையல் கடைகளுக்கு மென்பொருள் செய்தது. உடல் அளவைக் கொடுத்தால் துணி வெட்டும் மாதிரியைத் திரையில் வரைந்து காட்டும். எண் வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது என்று, ஒவ்வொரு பதிப்புக்கும் அகர வரிசையில் ஒரு பிராணியின் பெயரை வைத்தார் முதலாளி. அணில், ஆமை, இறால் என்று வண்டி ஓடியது. ஈ வெளிவந்த வருடம் விற்பனையே இல்லை. "பேருக்கேத்த மாதிரி ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம்" என்று வரவேற்பறைப் பெண் சொன்னதை முதலாளி ரசிக்கவில்லை. ஐ-க்கு ஒன்றும் அகப்படாததால் அதைத் தாண்டி ஒட்டகத்துக்கு வந்திருந்தார்கள்.

தையல்காரர்கள் பதிப்பைப் பார்க்கவில்லை, பிராணியைப் பார்த்தார்கள். அசைந்து அசைந்துதான் ஓடும் என்று எருமையைப் பாதிப் பேர் தொடவே இல்லை. உடும்பைப் பிடித்தவர்கள் விடவில்லை. இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த தையல்கார அக்காவோ ஆமையோடு நின்றுவிட்டாள்.

"பொறுமையான ஜீவன் தம்பி. என்னை அவசரப்படுத்தாது."

இத்தனை பிராணிகளையும் கட்டி மேய்த்து முதலாளிக்கு அலுத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை எல்லாக் கடைகளுக்கும் ஒட்டகம்தான் என்றார். இறால் முதல் வந்தவற்றில் சேமித்த கோப்புகள் ஒட்டகத்தில் திறக்கும். ஆமையின் கோப்பு வடிவம் வேறு, அது திறக்காது.

மகளின் பாவாடையை வாங்கப் போனபோது அக்கா கேட்டாள்: "ஒட்டகம் வந்தா நான் வரைஞ்சு வெச்ச மாதிரியெல்லாம் அப்படியே இருக்கும்ல தம்பி?"

நெட்டை அவள் கணினியைப் பார்த்தான். திரையில் ஒரு சட்டை தெரிந்தது. ஒரு தோள் இறங்கி, ஒரு கை குட்டையாக இருந்தது. கடைச் சட்டை பொருந்தாதவர்களுக்கு அக்கா வருடக்கணக்காக வளைத்து வளைத்து வரைந்த மாதிரிகளில் அது ஒன்று. படுக்கையில் கிடக்கும் சிலரை இனி எழுப்பி நிறுத்தி அளவெடுக்கவும் முடியாது.

"பார்க்கறேன்க்கா" என்று மட்டும் சொன்னான்.

ஆமைக் கோப்புகளும் ஒட்டகத்தில் திறக்க வழி செய்யலாமா என்று முதலாளியிடம் போய்க் கேட்டான். "ஒரே ஒரு அம்மாவுக்காகவா? ஏம்பா, ஆமைக்கு வைத்தியம் பார்க்கவா உன்னை வெச்சிருக்கேன்? உன் சொந்த நேரத்துல என்ன வேணா பண்ணிக்கோ. ஒட்டகம் நொண்டக்கூடாது, அவ்வளவுதான்."

அவனுக்குப் பழசு ஒன்று நினைவில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அணில் காலத்தில், அவன் எழுதிய நிரல் அக்கா வரைந்ததையெல்லாம் ஒரே வாயில் விழுங்கிவிட்டது. அப்போது அவன் அந்தக் கடையில்தான் வியர்த்துப்போய் நின்றிருந்தான். முதலாளி தொலைபேசியில் கத்தினார். அக்கா அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான்தான் சார் எதையோ அமுக்கித் தொலைச்சேன்" என்றாள். அவள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தாள். அந்தப் பேச்சை அப்புறம் எடுத்ததே இல்லை. ஆண்டவன் சிலரை இப்படிச் சத்தமில்லாமல் அனுப்பிவைக்கிறான் என்று நெட்டை பலமுறை நினைத்ததுண்டு.

அந்த வாரம் முழுக்க மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவன் எழுந்திருக்கவில்லை.

"என்ன நெட்டை, விரதமா?"

"தொப்பை போடுது."

"உனக்கா? ஒட்டடைக் குச்சிக்குத் தொப்பையாம்!"

வெள்ளிக்கிழமை மதியம் அறை காலியாக இருந்தது. அக்காவிடம் கேட்டு வாங்கிய ஆமைக் கோப்பு ஒன்றை ஒட்டகத்தில் திறந்தான். வெறும் வெள்ளைத் திரை. பிறகு கழுத்து வந்தது, இறங்கிய தோள் வந்தது, கடைசியாக அந்தக் குட்டைக் கை, வளைவு கொஞ்சமும் பிசகாமல். மற்றக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பிறகு ஆமைக் கோப்புகளைத் திறக்க அந்த வாரம் எழுதிய நிரலை ஒட்டகத்தோடு சேர்த்து, என்ன மாற்றம் என்று கேட்ட கட்டத்தில் 'சிறு திருத்தம்' என்று எழுதி அனுப்பிவிட்டு, சாப்பிடக் கை கழுவப் போனான்.