சேக்காட்டுக்கு வந்த கடல் ஸ்கூட்டர்

சேக்காட்டிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் முழுச் சென்னையையும் தாண்ட வேண்டும். அப்படிப்பட்ட சேக்காட்டில், வேம்புலியம்மாள் வீட்டு போர்ட்டிகோவில், அலைமேல் பறக்கிற வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று வந்து குந்திக்கொண்டது.

இழுத்து வந்தவன் மருமகன் விஷ்ணு. தேனிக்காரன், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. மூடிப்போன ஏதோ ஒரு கடற்கரை ரிசார்ட்டில் காக்கைகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த வண்டி அது. தானே பழுது பார்ப்பதாகச் சொல்லி டிரெய்லரோடு தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அவன் குடியிருக்கும் வானகரம் ஃபிளாட்டில் வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை. மாமியார் வீடு பிறகு எதற்கு இருக்கிறது?

"இன்னா மாப்ளே இது? யானை குளிக்கிற தொட்டியா?"

"வாட்டர் ஸ்கூட்டர் அத்தை. ரெண்டு கார்புரேட்டர் மட்டும்தான் போயிருக்கு. பிரிச்சு மாட்டுனா பறக்கும்."

"பறக்கும், பறக்கும். உங்க ஊட்டு மிக்சியப் பிரிச்சீங்களே, அது இன்னும் பறந்துகினுதான் கீது."

அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு வளைகாப்பு. மண்டபமெல்லாம் வேண்டாம், என் போர்ட்டிகோவில்தான் என்று ஆவடி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அதற்கென்றே கிரானைட் பதித்திருந்தாள். அதன் பளபளப்பைப் பார்த்தால் மேலே போகும் விமானம் வழி தவறி இறங்கிவிடும். அந்தக் கிரானைட்டில் இப்போது ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சனிக்கெயமக்குள்ள ஸ்டார்ட் ஆவலைன்னா காயலான் கடை. சம்மதமா?"

"சம்மதம் அத்தை."

பந்தயம் கட்டியதோடு அவள் உள்ளே போய் டிவி பார்த்திருக்கலாம். முடியவில்லை. வேம்புலியம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில் உட்கார்ந்து ரிடையர் ஆனவள். அவள் கழித்துப்போட்ட போல்ட்டுகளைக் குவித்திருந்தால் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு மலை எழும்பி, அதன் உச்சியில் முருகனும் வந்திருப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் தாலி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அட்சதை போடுவாள். பிழையைக் கண்டால் அவள் வாய் அவள் பேச்சையே கேட்காது.

முதல் நாள், காபி கொண்டுவந்தவள் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதான் கயுவுன லட்சணமா? உள்ள சல்லடையில பாசி புடிச்சிக்கினு கீது. ஊட்டுக்கு வெளக்கேத்துறதுக்கு முன்னாடி ஒட்டடை அடிக்கணும் மாப்ளே."

விஷ்ணு குனிந்து பார்த்தான். நகத்தளவு சல்லடை ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை.

மறுநாள், எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மதுரைவீரன் வந்து நின்றார். "இன்னா மாப்ளே, மெதவையே இல்லாத கார்ப்ரேட்டரா?"

"அலையில கவுந்தாலும் பெட்ரோல் போகணும்ல. அதனால மிதவைக்குப் பதிலா ரப்பர் சவ்வு."

வேம்புலியம்மாள் அந்தச் சவ்வை விரலால் சுண்டினாள். "இது ரப்பரா? அப்பளம். எண்ணெயக் காய வையி, பொரிச்சி சாம்பாருக்குத் தொட்டுக்கலாம்."

பழையதையே மாட்டவிருந்த விஷ்ணு, அன்றே புதிய சவ்வுகளையும், பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் ஊசிகளையும் வரவழைத்தான்.

மதுரைவீரன் தலையைச் சொறிந்தார். "யக்கா, இந்த வண்டி ஓடணும்ன்றியா, ஓடக் கூடாதுன்றியா? நீ திட்டத் திட்ட அது தேறிக்கினே வருது."

வேம்புலியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனி வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. மாலைக்குள் பந்தல்காரன் வந்துவிடுவான். விஷ்ணு கைப்பம்பின் குழாயைக் கார்புரேட்டரில் செருகி, காற்றழுத்த மீட்டரை அவளிடம் நீட்டினான்.

"நான் அடிக்கிறேன், நீங்க முள்ளை மட்டும் பாருங்க. ஊசி திறக்கிற வரைக்கும் ஏறும். திறந்ததும் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிக்கணும். நழுவுனா லீக்கு."

முதல் கார்புரேட்டரில் முள் நின்றது. இரண்டாவதில் ஏறியது, பட்டென்று இறங்கியது, நின்றது. பிறகு மெல்ல, திருடன் சுவர் இறங்குவதுபோல, நழுவத் தொடங்கியது.

"நிக்குதா அத்தை?"

நிக்குது என்று சொன்னால் போதும். வண்டி கிளம்பாது, காயலான் கடைக்குப் போகும், கிரானைட் மின்னும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். முள் இன்னும் ஒரு கோடு நழுவியது. அவள் கண் பிதுங்கியது, காது சிவந்தது.

"எறங்குதுய்யா! ரிஜக்டு!"

இந்துக் கல்லூரி ரயில் ஸ்டேஷனில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஊசியின் அடியில் பொட்டு அளவு ரப்பர் வளையம் ஒன்று நசுங்கியிருந்தது. விஷ்ணு மாற்றினான். முள் நின்றது.

சாயங்காலம் பட்டனை அமுக்கியதும் எஞ்சின் உறுமியது. ஓட ஆரம்பித்த பிறகே சூடு தணிக்கும் தண்ணீரைத் திறக்க வேண்டுமாம். மதுரைவீரன் ஹோஸ் குழாயைத் திறந்தார். கிளம்பிய புகையில் தெருவே காணாமல் போனது. கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று எல்லா வீட்டு ஜன்னல்களும் படபடவென்று சாத்தப்பட்டன.

விஷ்ணுவுக்கு முகமெல்லாம் பல். "ஜெயிச்சுட்டோம் அத்தை! இனி இது இங்க எதுக்கு? கோவளத்துல ஃப்ரெண்டு நிறுத்திக்கிறேன்னான். விடியக்காலையிலயே இழுத்துட்டுப் போயிடுறேன். போர்ட்டிகோ உங்களுக்கு."

கேட்டது கிடைத்துவிட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் "லொக்" என்றது.

"இன்னா அது?"

"சின்ன இருமல் அத்தை. கோவளத்துல பாத்துக்கலாம்."

"இருமிக்கினே போவுமா? எவன் செக் பண்ணி அனுப்புனான்னு நாளைக்கு ஊரு காறித் துப்பும். ரெண்டாவது கார்ப்ரேட்டரக் கயட்டு!"

"அம்மா, காலையில எனக்கு வளைகாப்பும்மா!" என்று அலறினாள் கிருஷ்ணப்பிரியா.

"அதுக்குத் தெருவு கீதுல்ல? பந்தல அங்க போடச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை தேனிச் சம்பந்திகள் நடுத்தெருவில் உட்கார்ந்து, ஷேர் ஆட்டோக்களுக்குக் கால் மடக்கி வழிவிட்டபடி, புளிசாதம் சாப்பிட்டார்கள். வளையல் போடப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டார்கள். போர்ட்டிகோவுக்குள்ளிருந்து, பட்டுப்புடவையும் கையில் மீட்டருமாக வேம்புலியம்மாள் குரல் கொடுத்தாள்.

"இரு, முள்ளு நிக்கட்டும். வரேன்."