பிறக்காத பேரன் தலையில் படைச்செலவு

1

இந்தக் கதை ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில், இரண்டாவது போளிக்கும் மூன்றாவது போளிக்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது. பரிமாறிய கைக்கு முதல் நன்றி. இப்படித் தொடங்கினேன்: ‘எல்லையில் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த...’ வேண்டாம். நான் பனியைப் பார்த்தது ஐஸ் பெட்டியில்தான். உறுவையாறு என்ற ஊரிலிருந்தே போவோம்.

2

உறுவையாறு சுப்பராயலு கரும்பு போடுகிறவர். மகள் அருள்மொழிக்கும், கரையாம்புத்தூர் ராஜ்மோகனின் மகன் தமிழ்க்குமரனுக்கும் வில்லியனூர் மண்டபத்தில் நிச்சயம். ஐந்நூறு பேர் வந்து இறங்கினார்கள். (சரி, இரண்டு வேன்.) மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. சிப்பாய், லீவு கிடைக்கவில்லை. அதனால் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன்மேல் தலையணை, தலையணையில் சாய்ந்தபடி செல்போனில் மாப்பிள்ளை.

[போனுக்கு மாலை போட்டதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். படத்துக்கு மாலை போடுவது எதற்கென்று உங்களுக்கே தெரியும். பையன் நூறு வருஷம் இருக்கட்டும்.]

தட்டு மாறினால்தான் நிச்சயம். ஆளுக்கொரு தாம்பூலத் தட்டோடு சம்பந்திகள் எதிரெதிரே நின்றபோது சிக்னல் போய்விட்டது. மாப்பிள்ளை முகம் தெரியட்டும் என்று காத்திருந்தார்கள். சும்மா நிற்க முடியாமல் ராஜ்மோகன் டிவியில் பார்த்த செய்தியைப் பேச எடுத்தார்: படைக்கு ஆகும் கூடுதல் செலவுக்கு வரி போடுவதா, கடன் வாங்குவதா என்று கட்சிகளுக்குள் சண்டை. (செய்தி என் கைச்சரக்கு. அதன்பிறகு நடந்த சண்டைக்கு நான் ஒன்றுமே சேர்க்கவில்லை. கொஞ்சம்தான்.)

3

“வரி போடட்டும் சம்பந்தி. எம்புள்ள பனில நிக்கிறான். டீசலுக்கு ரெண்டு ரூபா சேத்துக் குடுத்தா இன்னா?”

“நீங்க ஸ்கூட்டர்ல போறீங்க, சொல்லுவீங்க. எனுக்கு ட்ராக்டர் ஓடணும்” என்றார் சுப்பராயலு. “கடன் வாங்கட்டும். மெதுவா கட்டிக்கலாம்.”

“மெதுவான்னா யாரு கட்றது? எம்பேரனா?”

“யோவ், அவன் எனுக்கும் பேரன்தான்யா!”

“அப்ப அவன் தலைல கடன வைப்பியா?”

“டீசல ஏத்தி எங்கரும்ப நிறுத்திட்டா, அவனுக்கு இன்னாத்த வச்சிட்டுப் போவேன்?”

‘சம்பந்தி’ ‘யோவ்’ ஆன இடத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. சுப்பராயலு ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். தட்டு மாறாமலே வேன் திரும்பிப் போய்விட்டால்... (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை.) ஆனால் வாய் அடங்கினால்தானே!

“இந்தா, புடி! நாட்டையும் நீயே நடத்து!” என்று தட்டை ராஜ்மோகன் நெஞ்சில் தள்ளினார்.

“மொதல்ல நீ புடிய்யா!” என்று ராஜ்மோகன் தன் தட்டை இவர் கையில் திணித்தார்.

நாதஸ்வரக்காரர் இருசப்பனுக்கு வரியும் தெரியாது, கடனும் தெரியாது. தட்டு மாறினால் ஊத வேண்டும். ஊதினார். காத தூரத்துப் பாகூர் ஏரிக் கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன.

4

‘இது செல்லாது’ என்று ராஜ்மோகன் தட்டைத் திருப்பித் தருவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அருள்மொழி விடவில்லை. மணையைவிட்டு எழுந்தாள்.

“இன்னும் தாலியே கட்டல. அதுக்குள்ள எம்புள்ள தலைல கடன வச்சி சண்டையும் போட்டாச்சா? தட்டு மாறிடுச்சி. ரெண்டு பேரும் உக்காருங்க.”

முதலில் சிரித்தது ராஜ்மோகன்தான். அதற்குள் போனுக்கும் உயிர் வந்தது. கம்பளிக் குல்லாய்க்குள் ஒரு முகம். “மாமா, தட்டு மாத்திட்டீங்களா?”

சுப்பராயலுவின் வாயில் டீசல் வரவில்லை. “மாத்தியாச்சி மாப்ள” என்றார். நாற்காலிப் பக்கம் குனிந்தார். “குளுரு ஜாஸ்தியா? சாப்ட்டீங்களா?”

[எங்கள் பக்கத்தில் நன்றியை நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்போம்.]

5

பந்தியில் மாப்பிள்ளைக்கும் ஓர் இலை விழுந்தது. சுப்பராயலு இடது கையால் போனைத் தூக்கிப் பிடித்து, இலையில் விழுந்த ஒவ்வொன்றையும் காட்டினார். கை கடுத்தது. “குடுங்க சம்பந்தி” என்று ராஜ்மோகன் வாங்கிப் பிடித்தார். அப்புறம் மறுபடி இவர்.

“டீசலுக்கு ஒரு ரூபான்னா...” என்றார் சுப்பராயலு, போளியைப் பிட்டபடி.

“மீதிக்குக் கடனா?” என்றார் ராஜ்மோகன்.

மீதியை நீங்கள் பேசி முடித்துக்கொள்ளுங்கள். என் இலையில் பாயசம் ஓடுகிறது. அவசரமில்லை, பேரன் இன்னும் பிறக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள். போனை மட்டும் கீழே வைத்துவிடாதீர்கள். பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.