வலையில் வராத மீன்கள்

காற்றுத்தான் முதலில் காட்டிக்கொடுத்தது.

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையையொட்டிய தொடக்கப் பள்ளியில், ஆடி மாதத்து முற்பகலொன்றில், முதல் வகுப்பு எல்லப்பன் எழுந்து நின்று பாடப்புத்தகத்தைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தான். சன்னல் வழியே புகுந்த கடற்காற்று அவன் கையிலிருந்த புத்தகத்தின் தாளைப் புரட்டிவிட்டது. பையன் நிறுத்தவில்லை. கண்ணெதிரே யானை நிற்க, வாய் மட்டும் முந்தின பக்கத்து அணிலையே பாடிக்கொண்டு போயிற்று.

ஆசிரியை வசுமதிக்குத் திக்கென்றது. புத்தகத்தை வாங்கி, ‘மரம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் விரலால் சுட்டினாள்.

“மானா, ரானா, இம்மு” என்றான் எல்லப்பன்.

“சரி, மூன்றையும் சேர்த்தால்?”

“சேத்தாலும் அதான் டீச்சர். மானா, ரானா, இம்மு.”

வசுமதி கும்பகோணத்துப் பக்கத்தில் பிறந்தவள். கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை என்பதால் கல்பாக்கத்துக்குக் குடிவந்தவள். விடியலில் ஒரு பதிகமேனும் ஓதாமல் அவள் வாயில் நீர் படாது. ஓதுவது வேறு, படிப்பது வேறு என்பதை அவளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பதிகம் செவிவழியே நெஞ்சில் ஏறுவது. எழுத்தோ கண்வழியே நாவில் இறங்க வேண்டுவது. இந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, கண் திறக்கவில்லை.

மறுநாள் முதல் வகுப்பில் எழுத்தின் பெயரே ஒலிக்கக் கூடாதென்று சட்டம் போட்டாள். மானாவும் ரானாவும் ஒழிந்தன. உதட்டை மூடினால் ‘ம்’, திறந்தால் ‘ம’. ஒலியோடு ஒலியைக் கோத்துச் சொல்லாக்குவதே பாடம். கடலோரப் பிள்ளைகளுக்கு அணிலைக் காட்டுவானேன் என்று எண்ணி, மடவை, வாளை, சுறா, நெத்திலி என்று மீன்பெயர்களாகவே அட்டைகள் எழுதினாள். அவ்வளவுதான்! ஒலிகூட்டிப் பெயர் பிடிபட்டதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில், கரையேறும் வலையைக் கண்டாற்போல் காக்கைகள் கூரையைச் சுற்றின.

தலைமையாசிரியர் காசிநாதனுக்கு அந்தக் கூச்சல் ஒப்பவில்லை. அவர் உள்ளூர்க்காரர், முப்பதாண்டுகளாக அரிச்சுவடியை வரிசை பிசகாமல் ஓதவைத்தவர்.

“இன்னாம்மா இது, ம்ம் ம்ம்னு கன்னுக்குட்டி கத்தறா மாரி கீது? வள மையத்துலருந்து மார்கழில ஆள் வருது, படிக்கத் தெரியுதானு சோதிக்க. பசங்க பாஸானா உங்க வழி. இல்லாங்காட்டி பழைய அரிச்சுவடிதான். ஒண்ணாப்ப நானே எடுத்துக்கறேன், நீங்க அஞ்சாப்புக்குப் போயிடுங்க.”

“சரிங்க சார்” என்றாள் வசுமதி. அன்றிரவே இன்னும் ஒரு கட்டு மீன் அட்டைகள் எழுதினாள்.

மார்கழியும் வந்தது. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிக்காலக் கழுகை எதிர்பார்த்து வானம் பார்த்தவர்களைப்போலப் பள்ளி முழுதும் சாலையையே பார்த்திருக்க, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் வள மையப் பயிற்றுநர் பூபாலன். நிபந்தனைகளை நின்றபடியே சொன்னார்.

“டீச்சர் பின்னால ஒக்காரணும். வாயத் தொறக்கக் கூடாது, சாடையும் கூடாது. ஒவ்வொருத்தரா முன்னால வரட்டும்.”

முதற்சுற்றில் கடல், படம், பாட்டி என்று பழகிய சொற்கள். பிள்ளைகள் பொரி தின்பதுபோல் தின்று தீர்த்தார்கள். காசிநாதனின் புருவம் மெல்ல உயர்ந்தது.

“இதெல்லாம் கண்ணுல பட்டுப்பட்டு மனப்பாடம் ஆயிருக்கலாம் சார்” என்றார் பூபாலன் அவரிடம். “அடுத்த சுத்து, அர்த்தமே இல்லாத சொல்லு. அத எழுத்துக்கூட்டித்தான் படிச்சாகணும், வேற வழியில்ல.”

முதல் அட்டை உயர்ந்தது: மொடுபி.

ரெபேக்காள் பார்த்தாள். வகுப்பிலேயே சூட்டிகையான பெண். உதடுகள் கூடின, பிரிந்தன. பிறகு இறுக மூடிக்கொண்டன. பூபாலன் காத்திருந்து, தாளில் ஒரு பெருக்கற்குறி போட்டார். அடுத்து வந்த வேண்டா என்ற சிறுமியும் அட்டையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். இன்னொரு பெருக்கற்குறி. மூன்றாமவன், நான்காமவள்… எல்லார் உதடும் அசைகிறது, எவர் வாயும் திறக்கவில்லை.

வசுமதி பின்னாலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். படிக்கிறார்களே! அந்த உதடுகள் படிக்கின்றனவே! பிறகு எது தடுக்கிறது? எழுந்து கத்தலாம் போலிருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தீங்களா?” என்றார் காசிநாதன், பாதி வருத்தமாகவும் பாதி நிம்மதியாகவும்.

எல்லப்பன் முறை வந்தது. அட்டையை உற்று நோக்கினான். திரும்பி ரெபேக்காளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டி, “சொல்லாதடா, வவ்வால் மாப்பிள்ளை ஆயிடுவ” என்று கிசுகிசுத்தாள். வகுப்பு களுக்கென்று சிரித்தது.

முன்பு அச்சரப்பாக்கத்து வயற்காட்டிலிருந்து இந்தப் பிள்ளைகளின் மீனவக் குப்பத்துக்குப் பெண்ணெடுக்க வந்த ஒருவர், மணல்மேல் கிடந்த திருக்கையை வவ்வால் மீன் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் மூன்றானபின்னும் ஊருக்கு அவர் வவ்வால் மாப்பிள்ளைதான். அறியாத மீனின் பெயரை வாய்விட்டுச் சொல்பவனுக்கு அந்தக் கரையில் மன்னிப்பே கிடையாது.

“சார்” என்றான் எல்லப்பன், துணிந்து. “இந்த மீனு எங்க வலையில வந்ததே இல்ல சார்.”

“மீனா? எந்த மீனு?”

“அட்டையில கீதே, அது.”

“அப்ப பேரு தெரியுமா ஒனக்கு?”

“பேருதான் எயுதிகீதே சார். மீனத்தான் தெரியல.”

வசுமதி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். ஐந்து மாதமாக அட்டையென்றால் மீனென்று பழக்கியவள் அவளேயல்லவா!

பூபாலன் அட்டையைத் திருப்பித் தாமே ஒருமுறை பார்த்துக்கொண்டார். “சரி, மீனு தெரியாட்டி போவுது. நானும் பாத்ததில்ல. யாரும் பாத்ததில்ல. பேர மட்டும் சொல்லு.”

“மொடுபி!”

“மொடுபி!” என்று பின்னாலிருந்து மொத்த வகுப்பும் முழங்கியது. நாவின் நுனியில் கட்டுண்டு கிடந்த சொல்லல்லவா, கரையுடைத்துப் பாய்ந்தது.

“டேய், எல்லாரும் சொல்லிட்டா நான் யாருக்குடா மார்க் போடுறது?” என்று கத்திய பூபாலனின் முகத்திலும் சிரிப்பு வழிந்தது. போட்ட பெருக்கற்குறிகளை அடித்துவிட்டு, புதிய தாளை மடித்துக் கிழித்து, ஆளுக்கொரு சொல்லாக அங்கேயே எழுதத் தொடங்கினார்.

“கெபாடு!” வேண்டா எழும்பிக் குதித்தாள்.

“நோசிபை!” என்றாள் ரெபேக்காள். “சார், அது ஆழத்துல கீற மீனா?”

“ரொம்ப ஆழம்மா.”

“சின்னச் சின்ன மீனா போடறியே சார், சுறா மாரி பெருசா ஒண்ணு போடு சார்!” என்றான் எல்லப்பன்.

காசிநாதனால் பொறுக்க முடியவில்லை. பூபாலனிடமிருந்து எழுதுகோலை வாங்கினார். மறைத்து, நெடுநேரம் யோசித்து, கொம்பும் காலும் சுழியும் பின்னிக்கிடக்க ஒரு சொல்லை எழுதி எல்லப்பனுக்கு நேரே நீட்டினார். தௌமுறோஞிலைகீ.

எல்லப்பன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்தான். ‘தௌ’ வந்தது, ‘முறோ’ வந்தது, ‘ஞி’யில் தடுக்கி நின்றான். வசுமதியின் உயிர் அந்த விரல்நுனியில் நின்றது. அவன் விரலை முதலெழுத்துக்கே கொண்டுபோய், மூச்சிழுத்துக்கொண்டு, ஒரே வீச்சில் சொன்னான்.

“தௌமுறோஞிலைகீ!”

பலகை தட்டும் ஓசையில் பக்கத்து வகுப்புகள் வாசலுக்கு ஓடிவந்தன. காசிநாதன் அந்தத் தாளைத் தாம் சரியாகத்தான் எழுதினோமா என்று பார்த்தார். பையனைப் பார்த்தார். வாசலில் நின்ற மூன்றாம் வகுப்புப் பெரிய பையன் ஒருவனிடம் நீட்டினார்.

“நீ படி.”

“தானா, அப்பறம்… சார், இது பொஸ்தகத்துல எந்தப் பக்கம் சார்?”

பூபாலன் சோதனைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்ததைக்கூட வாங்காமல், காசிநாதன் வசுமதியின் பக்கம் திரும்பினார்.

“அஞ்சாப்பு கிடக்கட்டும்மா. நீங்க இங்கயே இருங்க. நாளைக்கு மூணாப்பையும் இட்டாந்து இவங்களோட ஒக்கார வெக்கறேன்.” சற்றே தயங்கினார். “அந்த இம்மு… உதட்ட மூடிக்கினு சொல்றதுதானே?”

“ஆமாம் சார்.”

நண்பகல் மணி அடித்தது. சத்துணவுத் தட்டை எடுக்க ஒரு பிள்ளையும் எழவில்லை. காசிநாதன் அடுத்த தாளை மடித்துக்கொண்டிருந்தார்.